வடக்கத்தி வான்கோழி

என் மாமியாராக வரப்போகிறவர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் செய்த முதல் காரியம், ஃப்ரிட்ஜைத் திறந்து எங்கள் வான்கோழியை ஒரு மூலைக்குத் தள்ளியது. தன்னுடையதை வைக்க இடம் வேண்டுமாம். வடக்கே மாசசூசெட்ஸிலிருந்து தெற்கே வர்ஜீனியா வரைக்கும் பகல் முழுக்கக் காரோட்டி, ஐஸ் பெட்டியில் ஒரு முழு வான்கோழியைக் கொண்டுவந்திருந்தார். எங்கள் ஊரில் பறவையே கிடையாது என்பது போல.

"உங்க ஊர்ப் பறவை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. எதுக்கு வம்புன்னு எங்க பக்கத்துப் பண்ணையில இருந்தே எடுத்துட்டு வந்துட்டேன்," என்றார் ப்ரிஸில்லா க்ரோவெல், என் அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி.

என் அம்மா லொரெட்டாவும் சிரித்தார். தெற்கத்திப் பெண்கள் அப்படிச் சிரித்தால் அந்த இடத்தைவிட்டு ஓடிவிடுவது நல்லது. "அதுக்கென்ன, தாராளமா வைங்க. பாவம், அதுவும் இவ்வளவு தூரம் உங்ககூட வந்திருக்கே."

நானும் எபனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் ஆரம்பம்.

விஷயம் இதுதான். பால்டிமோரில் இருக்கிற எனக்கும் எபனுக்கும் ஏப்ரலில் கல்யாணம். கல்யாணத்தில் யாருக்கும் தகராறு இல்லை. சர்ச், கேக், யார் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் ஒரே பேச்சில் முடிந்தது. கிறிஸ்துமஸைக்கூட 'நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்று இரண்டு வீடும் மாற்றி மாற்றித் தள்ளிவிட்டார்கள். நவம்பரில் வருகிற அந்த ஒரு வியாழக்கிழமையை மட்டும் யாரும் விடுவதாக இல்லை. நன்றி நாளன்று நாங்கள் யார் வீட்டு மேஜையில் உட்காரப்போகிறோம்? நாளைக்குப் பிறக்கிற பிள்ளைகள் யார் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து வளரும்? அதுதான் சண்டை. "ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே" என்று நான் நியாயமாகத்தான் சொன்னேன். சரி, முதல் வருஷம் எங்கே என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் கேட்டார்கள். அதோடு என் நியாயம் செத்தது.

இந்த வருஷம் இரண்டு குடும்பமும் ஒன்றாகச் சாப்பிடுவது, சாப்பிட்டு முடித்ததும் மேஜையிலேயே இதைத் தீர்த்துக்கொள்வது என்று எபன்தான் யோசனை சொன்னான். எபன் தங்கமானவன். அம்மா எதிரில் மட்டும் அவனுக்கு வாய் இருக்காது.

ப்ரிஸில்லாவின் ஆட்கள் இங்கிலாந்திலிருந்து ப்ளிமத்துக்குக் குடியேறிகளைக் கொண்டுவந்த அந்தக் கப்பலில் வந்தவர்கள். எந்தக் கப்பல் என்று கேட்டால் அவர் உங்களை மனுஷராகவே மதிக்க மாட்டார். 1621இல் ப்ளிமத் ஊரில் அறுவடை முடிந்து, அந்த மண்ணின் வாம்பனோவாக் பழங்குடி மக்களோடு உட்கார்ந்து தின்ற அந்த விருந்துதான் அவருக்கு நன்றி நாள். நாடு முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காகிதத் தொப்பி செய்து போட்டுக்கொள்வது தன் முப்பாட்டன்களுக்காகத்தான் என்று அவர் நம்புகிறார். கணவர் போனபிறகு க்ரான்பெர்ரி வயலைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். ஊரெல்லாம் இந்த ஒரு நாளைக்குத் தின்னும் அந்தச் சிவப்புப் பழத்தைப் பயிரிடுகிறவர் என்பதால், பண்டிகையே தன் வயலில் விளைவதாக ஒரு நினைப்பு.

என் அப்பா ராய்ஸ் டன்ஸ்டால் அதற்கும் மேல். 1619இல், அதாவது ப்ளிமத்காரர்கள் கப்பலேறுவதற்கே முன்னால், எங்கள் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் ஒரு கப்பல் வந்து நின்றது. இறங்கியவர்கள் மண்டியிட்டு நன்றி சொன்னார்கள். வந்து இறங்கிய நாளை வருஷா வருஷம், என்றென்றைக்கும் நன்றி நாளாகக் கொண்டாட வேண்டும் என்பது அவர்களுக்கு உத்தரவு. அப்பாவுக்கு அந்த உத்தரவு மனப்பாடம். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்வார். உண்மையில் அவர்கள் இறங்கியது எதிர்க்கரையில். அங்கே பெரிய விழா வேறொரு நாளில் தனியாக நடக்கும். அதெல்லாம் அப்பாவுக்குப் போதாது. நன்றி நாள் காலையில் அந்தக் கப்பலின் கேப்டன் வேஷம் போட்டு, கருப்பு மேலங்கியும் கழுத்தைச் சுற்றி வெள்ளைக் காலர் மடிப்புமாக, எங்கள் நிலக்கடலைத் தோட்டம் ஆற்றைத் தொடும் இடத்தில் மண்டியிட்டு அந்த உத்தரவை உரக்கச் சொல்வார். அக்கம்பக்கத்தார் சிலர் வந்து நிற்பார்கள். முடிந்ததும் சூடான காபி கிடைக்கும் என்பதால்.

வியாழக்கிழமை காலை அப்பா வேஷத்தோடு சமையலறைக்கு வந்து, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். "வர்றீங்களா மேடம்? நாட்டோட முதல் நன்றி நாளைக் கண்ணால பார்க்கலாம்."

ப்ரிஸில்லா காபிக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "நான் அதை வருஷா வருஷம் எங்க வீட்டு ஜன்னல்லயே பார்க்கிறேன் மிஸ்டர் டன்ஸ்டால்."

"அது ரெண்டாவது மேடம்."

"கேள்விப்பட்டேன், உங்க கப்பல்கூட அந்தக் கரையிலதான் நின்னுச்சாமே. நீங்க எதுக்கு இந்தக் கரையில மண்டி போடறீங்க? முட்டிக்கு மெத்துன்னு இருக்கா?"

அப்பா தொப்பியை மாட்டிக்கொண்டு கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். நான், அம்மா, எபன் மூவரும் பின்னாலேயே போனோம். ப்ரிஸில்லா வரவில்லை. சமையலறையில் தனியாக இருந்தார். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டு அடுப்புக்குள் விடியற்காலையிலிருந்து உப்பில் பதப்படுத்திய பன்றித்தொடை வெந்துகொண்டிருந்தது. வர்ஜீனியாவில் அதை எடுத்துவிட்டு வேறு எதையும் உள்ளே வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. வான்கோழியை நாங்கள் வீட்டுக்கு வெளியே, கேஸ் அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றி, எங்கள் தோட்டத்துக் கடலையெண்ணெயில் முழுசாக மூழ்கவைத்துப் பொரிப்போம். முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டிலேயே அப்பா சொல்லியிருந்தார், "உங்க பறவையையும் நானே பொரிச்சுத் தர்றேன் மேடம். விருந்தாளியைச் சும்மா விடறதில்ல நாங்க." அதற்கு ப்ரிஸில்லா, "எண்ணெயிலயா?" என்று மட்டும் கேட்டார். செருப்பிலா என்று கேட்பது போல இருந்தது.

ஆற்றங்கரையில் இருந்து திரும்பும்போது அப்பா கொஞ்சம் தெளிந்திருந்தார். வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட கொட்டகை. அதன் மரத்தூண்களுக்கு நடுவில்தான் நீளமாக மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, சோள ரொட்டியும் சர்க்கரைவள்ளியும் பச்சை பீன்ஸும் பெக்கான் கொட்டை இனிப்பும் அடுக்கியிருந்தோம். வந்ததும் கொட்டகை ஓரத்தில் அண்டாவைக் காயவைத்தோம். எங்கள் பறவையை அம்மா பொரித்து எடுத்து மேஜை நடுவில் வைத்தாயிற்று. தங்க நிறம். அடுத்தது வடக்கத்திப் பறவை.

அப்பா உள்ளே போனபோது ப்ரிஸில்லா கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். வான்கோழி ஒரு தட்டில், கால்களைச் சேர்த்துக் கட்டி, லட்சணமாக உட்கார்ந்திருந்தது.

"முடிஞ்சுதா உங்க நாடகம்?" என்றார்.

"நாடகமா? மேடம், எங்க ஆளுங்க ஆண்டவனுக்கு நன்றி சொன்னாங்க. உங்க ஆளுங்க அன்னைக்கு நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னதா யாராவது எழுதியிருக்காங்களா? துப்பாக்கி சுட்டு விளையாடிட்டு மான்கறி தின்னாங்க. அதுக்குப் பேரு பிக்னிக்."

"சாப்பாடாவது இருந்துச்சு. உங்களுக்கு என்ன இருந்துச்சு? கப்பல்ல மிஞ்சின காஞ்ச ரொட்டி. அறுவடையே இல்லாம ஒரு அறுவடைத் திருநாள். அதுவும் எத்தனை வருஷம் நடந்துச்சு? 1622 வந்துச்சு, பவ்ஹாட்டன் பழங்குடி ஆளுங்க அடிக்க வந்தாங்க, ஓடிப்போயிட்டீங்க. என்றென்றைக்கும்னு உத்தரவு போட்டுட்டு நட்டாத்துல விட்ட கூட்டம்."

"ஓடலை மேடம். செத்தாங்க."

"அதுக்கு நான் வருத்தப்படறேன். ஆனா செத்தவங்க வருஷா வருஷம் கொண்டாட முடியாது."

எபன் வாயிலில் நின்று, "அம்மா, போதும்மா," என்றான். யாரும் காதில் வாங்கவில்லை.

"நீங்க கொண்டாடின லட்சணம் தெரியாதா?" அப்பாவின் கழுத்து அந்த வெள்ளை மடிப்புக்குள் சிவந்திருந்தது. "உங்க மாசசூசெட்ஸ்காரங்க பீக்வாட் பழங்குடி ஊரையே ஜனங்களோட கொளுத்திட்டு வந்து, அதுக்கும் ஒரு நன்றி நாள் வச்சாங்களே, அதையும் ஜன்னல் வழியாப் பார்த்தீங்களா?"

"அடிமைச் சந்தை நடத்தின மாநிலம் எனக்குப் பாடம் எடுக்குது."

அம்மா இடையில் வந்து, "சாப்பாடு ஆறுது," என்றார், உலகத்திலேயே இனிமையான குரலில்.

அப்பா தட்டிலிருந்த வான்கோழியைக் கட்டோடு தூக்கினார். "நான் ஒரு வார்த்தை கொடுத்தேன். பொரிச்சுத் தர்றேன்னு. கொடுத்த வார்த்தையை நாங்க காப்பாத்துவோம். நீங்க வேடிக்கை பாருங்க."

"தாராளமா," என்றார் ப்ரிஸில்லா. "எண்ணெயில போட்டு எப்படிக் கெடுக்கறீங்கன்னு நானும் பார்க்கிறேன்."

என் அப்பா எந்தப் பறவையையும் எண்ணெயில் இறக்குவதற்கு முன்னால் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார். ஈரம் இருக்கக்கூடாது, ஐஸ் துணுக்கு இருக்கக்கூடாது. எனக்கு நடக்கத் தெரிவதற்கு முன்னாலேயே அது தெரியும். அன்றைக்குப் பார்க்கவில்லை. கோபத்தில் மேலங்கியைக்கூடக் கழற்றாமல், கொக்கியில் மாட்டி, இறக்கினார்.

எங்கள் ஊரில் பொரிக்கிற பறவைக்குள் ஒன்றும் வைக்க மாட்டார்கள். பூரணத்தைத் தனியாக ஒரு தட்டில் சுடுவோம். மாசசூசெட்ஸில் பூரணம் அடைக்காத வான்கோழியை மேஜைக்கே கொண்டுவர மாட்டார்கள். நாங்கள் ஆற்றங்கரையில் நின்ற நேரத்தில் ப்ரிஸில்லா ரொட்டித் துண்டு, வெங்காயம், செலரி, சாறு சொட்டும் சிப்பி எல்லாவற்றையும் பிசைந்து வயிறு முட்ட அடைத்து, தோலை இழுத்து ஊசி நூலால் தைத்துவைத்திருந்தார். அடுப்பு எப்படியும் காலியாகும், பன்றித்தொடையை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தாராம். கடைசியில் அவர் சொன்னது அது.

முதலில் ஒரு சத்தம். யாரோ பெரிய துணியைக் கிழிப்பது போல. அப்புறம் அண்டாவுக்குள் இருந்த எண்ணெய் முழுக்க எழுந்து நின்றது. நின்று, விளிம்பு வழியாக நாலா பக்கமும் இறங்கி, கீழே இருந்த நெருப்பைத் தொட்டது.

"தள்ளிப் போங்க," என்றார் அப்பா. கத்தவில்லை. அவருடைய மேலங்கியின் ஓரம் எரிந்துகொண்டிருந்தது. அம்மா வாசல் மிதியடியை எடுத்து அவர் முதுகில் போட்டு அடித்தார். தேவைக்கு மேலேயே அடித்தார் என்று எனக்குத் தோன்றியது. நான் கேஸ் குழாயை மூடப் போனேன், எபன் என் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். தீ தூணில் ஏறியது. தூணிலிருந்து வெள்ளைத் துணிக்கு. துணியிலிருந்து சோள ரொட்டிக்கு. எங்கள் தங்க நிறப் பறவை கருப்பாவதை நாங்கள் எல்லோரும் புல்லில் நின்று பார்த்தோம்.

தீயணைப்பு வண்டி வந்தது. எங்கள் ஊரில் தீயணைப்பது ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் செய்கிற வேலை. தலைவர் லமார், தோட்டத்துக்கு அடுத்த வீடு, இந்த மண்ணின் சிக்கஹாமினிப் பழங்குடி ஆள். சட்டைக் காலரில் குழம்புக் கறையோடு இறங்கினார். தன் ஆட்களோடு நுரையடித்து அணைத்து, கேஸ் உருளையை உருட்டி அப்பால் வைத்துவிட்டு வந்தார். அப்பாவின் ஒரு புருவம் போயிருந்தது. மற்றபடி யாருக்கும் ஒன்றுமில்லை.

"பறவைக்குள்ள என்ன வச்சீங்க?" என்றார் லமார், கருகிய அண்டாவைக் குச்சியால் குத்திக்கொண்டு.

"ஒண்ணும் வைக்கலையே," என்றார் அப்பா.

"பூரணம்," என்றார் ப்ரிஸில்லா.

அப்பா மெதுவாகத் திரும்பினார். "என்னது?"

"பூரணம். சிப்பி போட்டது. எங்க வீட்டு வழக்கம்."

"பொரிக்கப்போறேன்னு சொல்லியிருக்கேன், உள்ள ஈரத்தை அடைச்சுத் தைச்சு வச்சிருக்கீங்க. எந்த மனுஷன் அப்படிச் செய்வான்?"

"வான்கோழியை எண்ணெயில போடற மனுஷனை நானும் நேத்துதான் பார்க்கிறேன். உள்ள என்ன இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"தைச்சிருக்கறது கண்ணுக்குத் தெரியல?"

"வேணும்னே செஞ்சிருக்கீங்க. எங்க வீட்டைக் கொளுத்தறதுக்குன்னே கார்ல ஏத்திட்டு வந்திருக்கீங்க."

"உங்க வீட்டைக் கொளுத்தணும்னா என் காரை அதுக்குப் பக்கத்துல நிறுத்தியிருக்க மாட்டேன்." அது உண்மை. அவர் காரின் பின்பக்க விளக்கு உருகி வழிந்திருந்தது.

அப்பா லமாரின் தோளில் கை வைத்தார். "நீயே சொல்லு லமார். நானூறு வருஷமா இவங்க ஒரு பொய்யை ஊர் முழுக்க வித்துட்டிருக்காங்க. நன்றி நாள் யாரு முதல்ல கொண்டாடினது? இவங்களா, நாங்களா?"

"சொல்லுங்க," என்றார் ப்ரிஸில்லாவும். "நீங்க சொன்னா நான் ஏத்துக்கறேன்."

லமார் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டார். "நீங்க கப்பல்ல வந்து இறங்கினப்ப நாங்க சாப்பிட்டுட்டுத்தான் இருந்தோம். இன்னைக்கும் சாப்பிட்டுட்டுத்தான் இருந்தேன். ரெண்டு தடவையும் எழுப்பி விட்டது நீங்கதான்." வண்டியில் ஏறும்போது என்னிடம் மட்டும், "டெலியா, கல்யாணத்துக்குத் தீயணைப்பு வண்டி வேணும்னா முன்னாடியே சொல்லும்மா," என்றார்.

சமையலறையில் மிஞ்சியது பன்றித்தொடையும், ப்ரிஸில்லா கொண்டுவந்த ஒரு கிண்ணம் க்ரான்பெர்ரிச் சாந்தும்தான். ஆளுக்கொரு தட்டோடு நின்றோம். வீடெல்லாம் கருகிய எண்ணெய் நாற்றம். அப்படியே தின்றுவிட்டுக் கலைந்திருக்கலாம். அம்மா விடவில்லை. சாப்பிடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி சொல்கிறோம் என்று சொல்ல வேண்டும், இந்த வீட்டில் அது தவறியதே இல்லை, இன்றைக்கும் தவறாது என்றார்.

"நான் ஆரம்பிக்கறேன்," என்றார் அம்மா. "விருந்தாளிங்க நாளைக்குக் காலையில கிளம்பறாங்க. அதுக்கு நன்றி."

"என் புருஷன் இதைப் பார்க்காம போய்ச் சேர்ந்தாரே, அதுக்கு நன்றி," என்றார் ப்ரிஸில்லா.

"ஆண்டவன் எனக்கு ரெண்டு புருவம் கொடுத்தாரே, அதுக்கு," என்றார் அப்பா. "அப்புறம் இந்தத் தொடைக்கு. இதுக்குள்ள யாரும் எதையும் அடைக்க முடியாது."

"உப்பைத் தவிர," என்றார் ப்ரிஸில்லா. அவர் தட்டில் வெறும் க்ரான்பெர்ரி மட்டும் இருந்தது. அதை முள்கரண்டியால் மிடுக்காகத் தின்றார்.

"சரி," என்று அப்பா தட்டைக் கீழே வைத்தார். "சாப்பாடு ஆச்சு. பேசினபடி முடிவு பண்ணிடலாம். பசங்க அடுத்த வருஷம் இங்க வர்றாங்க. எரிஞ்ச கொட்டகையைக் கட்டணும், எபன் கை வேணும். கொளுத்தினவங்க கட்டறதுதானே முறை."

"எபன் எங்கயும் வரமாட்டான். அக்டோபர் முழுக்க வயல்ல தண்ணி கட்டிப் பழம் எடுக்கணும். அப்படியே நவம்பர் வரைக்கும் இருந்துடுவான். டெலியாவும் கத்துக்கணும்ல."

"என் பொண்ணு சேத்துல இறங்கிப் பழம் பொறுக்கவா பிறந்தா?"

"அப்போ கடலை உடைக்கப் பிறந்தாளா?"

நான் எபனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைக் கையில் என்னைப் பிடித்து இழுத்தபோது பட்ட கரி. ஏப்ரலுக்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரும் இவன் தரையைப் பார்ப்பான், நான் இவனைப் பார்ப்பேன், இவர்கள் கத்துவார்கள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மோதிரத்தைக் கழற்றி அந்த க்ரான்பெர்ரிக் கிண்ணத்துக்குள் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். பொய் சொல்லவில்லை. மோதிரத்தின் மேல் விரல் போய்விட்டது.

அதை எபன் பார்த்தான்.

"நாங்க ரெண்டு வீட்டுக்கும் வரல," என்றான்.

"முணுமுணுக்காம பேசு," என்றார் அவன் அம்மா.

"ரெண்டு வீட்டுக்கும் வரல. அடுத்த வருஷமும் வரல, அதுக்கடுத்த வருஷமும் வரல. பால்டிமோர்ல எங்க ஃப்ளாட்ல இருப்போம். கதவைச் சாத்திட்டு இருப்போம். எவனுக்கும் முதல் வருஷம் கிடையாது."

வெளியே தகரம் ஆறி டிக் டிக் என்று சத்தம் போட்டது.

அப்பா ப்ரிஸில்லாவைப் பார்த்தார். ப்ரிஸில்லா அப்பாவைப் பார்த்தார். இரண்டு நாளில் முதல் தடவையாக அவர்கள் முகத்தில் ஒரே உணர்ச்சி.

"கேட்டீங்களா ராய்ஸ்?" என்றார் ப்ரிஸில்லா. ராய்ஸாம். "பெத்தவங்ககிட்ட பேசற பேச்சா இது?"

"எங்க வீட்ல இப்படிப் பேசினா பல்லு இருக்காது மேடம்."

"எங்க வீட்லயும்தான். உங்க பொண்ணு சொல்லிக் கொடுத்திருப்பா."

"இருக்கும். வாய் நீளம் அவளுக்கு. ஆனா உங்க பையன் ஊமைன்னு நினைச்சேன், இவன் அமுக்குணி."

"அமுக்குணிதான். அவங்க அப்பா மாதிரி."

"நான் இங்கதான் நிக்கறேன்," என்றேன். யாரும் திரும்பவில்லை.

"போகட்டும் விடுங்க ராய்ஸ். இவங்க வரலேன்னா நமக்கு நன்றி நாள் நின்னுடுமா? நாம கொண்டாடுவோம். நீங்க, லொரெட்டா, நான். பெரியவங்க மட்டும்."

"அதான் சரி. இவங்க தனியா அந்தப் பொந்துக்குள்ள உக்காந்து பீட்ஸா தின்னட்டும்."

"அப்போ நவம்பர் வந்ததும் நீங்க ரெண்டு பேரும் கிளம்பி எங்க வீட்டுக்கு..."

"எங்க வீட்டுக்கு வந்துடுங்க," என்று அப்பா அதே நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இருவரும் நிறுத்தினார்கள்.

"மேடம், முதல்ல எங்க கரையிலதான்..."

"எதிர்க்கரை, ராய்ஸ்."

நாங்கள் பையை எடுத்துக்கொண்டோம். அம்மா மட்டும் பின்கதவு வரை வந்து, ரொட்டிக்கு நடுவில் பன்றித்தொடைத் துண்டு வைத்து மடித்த பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்தார். "போங்க ரெண்டு பேரும். இதுங்க ராத்திரி வரைக்கும் ஓயாது," என்றார். அவர் கண்ணில் இருந்தது வருத்தமா, பொறாமையா, எனக்குத் தெரியவில்லை.

வண்டியைத் திருப்பும்போது கொட்டகை தெரிந்தது. இருவரும் வெளியே வந்திருந்தார்கள். பாதி எரிந்த மேலங்கியோடு அப்பா ஆற்றைக் காட்டிக்கொண்டிருந்தார். ப்ரிஸில்லா கரித் தூணில் சாய்ந்து வடக்கே எங்கோ காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் போனதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. எங்களை வைத்துத்தான் சண்டை என்று இத்தனை மாதமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாலம் தாண்டியதும் பொட்டலத்தைப் பிரித்து எபனிடம் ஒன்றைக் கொடுத்தேன். ஒரு கடி கடித்தான். மென்றான். யோசித்தான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான். "ஆனா எங்க ஊர்ல இதுக்கு..."

நான் திரும்பி அவனைப் பார்த்தேன்.

மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.